குழந்தைகளைக் காப்பாற்றிய சைக்கிள் ஊர்வலம்!

ஆலந்து நாட்டில் மனிதர்களைவிட சைக்கிள்கள் அதிகம்!

அந்த நாட்டின் ஜனத்தொகை சுமார் 1 கோடியே 80 லட்சம். சைக்கிள்களின் எண்ணிக்கையோ சுமார் 2 கோடியே 30 லட்சம்!

சிறுமி சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறாள். தாயார் சைக்கிளில் கடைக்குப் போகிறார். 70 வயதுத் தாத்தாவும் பாட்டியும் ஆளுக்கு ஒரு சைக்கிளில் உலாவப் போகிறார்கள். பிரதம மந்திரியாக இருந்த மார்க் ரூட்டேகூட சைக்கிளில் அலுவலகம் போனது உண்டு.

நெதர்லாந்து என்று படத்தில் போட்டிருப்பதும் இந்த நாடுதான்.

"அது மேடு பள்ளம் இல்லாத நாடு. அதனால் எல்லோரும் சைக்கிள் விடுகிறார்கள்" என்று பலர் சொல்வது வழக்கம். இது பாதி உண்மைதான்.

நாடு எப்போதும் சமதரையாகத்தான் இருந்தது. ஆனாலும், 50 ஆண்டுகளுக்கு முன்பு அங்கே சைக்கிள் அழிந்துபோகும் நிலையில் இருந்தது. அதைக் காப்பாற்றியது தரை அல்ல. தாய்மார்களும், தகப்பன்மார்களும், சைக்கிள் சங்கத்தாரும் நடத்திய கிளர்ச்சிதான்!

கார் வந்தது

இரண்டாம் உலகப் போருக்கு முன்பு, ஆலந்து நாட்டுத் தெருக்களில் சைக்கிள்தான் ராஜா.

போர் முடிந்தது. கையில் காசு புரண்டது. 1950-ம் ஆண்டுகளிலும், 1960-ம் ஆண்டுகளிலும் வீட்டுக்கு வீடு கார் வாங்கத் தொடங்கினார்கள். "கார்தான் நாகரிகம், சைக்கிள் ஏழையின் வண்டி" என்ற எண்ணம் பரவியது.

அரசாங்கமும் அப்படியே நினைத்தது. தெருக்களை அகலப்படுத்தினார்கள். சைக்கிள் பாதைகள் சில இடங்களில் மறைந்தன.

தலைநகரான ஆம்ஸ்டர்டாம், வாய்க்கால்களுக்குப் பேர்போன நகரம். தெருவுக்குத் தெரு தண்ணீர் ஓடும். அந்த வாய்க்கால்கள் சிலவற்றைத் தூர்த்துவிட்டு, ரோடு போடலாம் என்று 1954-ம் ஆண்டு போலீஸ் தலைவர் காஸ்யாகர் யோசனை சொன்னார்!

1967-ம் ஆண்டு ஜோக்கினன் என்ற அமெரிக்க நிபுணர் இன்னொரு திட்டம் கொடுத்தார். தொழிலாளர்கள் வாழும் பழைய பகுதியை இடித்துவிட்டு, நகரத்தின் நடுப்பகுதி வரை பெரிய மோட்டார் ரோடு போடவேண்டும் என்பது அவர் திட்டம்.

நல்லவேளையாக, இந்த இரண்டு திட்டங்களும் நிறைவேறவில்லை. ஆனால் கார்கள் மட்டும் பெருகிக்கொண்டே போயின.

400 குழந்தைகள் பலி

கார்கள் பெருகின. சாவும் பெருகியது.

1971-ம் ஆண்டில் மட்டும், ரோடு விபத்துகளில் 3 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அவர்களில் 400 பேருக்கு மேல் குழந்தைகள்!

ஆலந்து சிறிய நாடு. அப்போது அதன் ஜனத்தொகை சுமார் 1 கோடியே 30 லட்சம்தான். அந்தச் சிறிய நாட்டில், நாள்தோறும் ஏதாவது ஒரு வீட்டில் ஒரு தாய் அழுதுகொண்டிருந்தாள்.

விக் லாங்கன்ஹாப் என்பவர் ஒரு பத்திரிகை நிருபர். "டி டைட்" என்ற பத்திரிகையில் வேலை பார்த்தவர். அவருடைய 6 வயது மகள், பள்ளிக்குச் சைக்கிளில் போகும்போது கார் மோதி இறந்துவிட்டாள்.

லாங்கன்ஹாப் வீட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டே இருக்கவில்லை. பேனாவை எடுத்தார். 1972-ம் ஆண்டு தம் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். "குழந்தைக் கொலையை நிறுத்து!" என்பது அதன் முழக்கம்.

"விபத்து" என்று அவர் எழுதவில்லை. "கொலை" என்றே எழுதினார்! அந்தச் சொல் நாட்டையே உலுக்கிவிட்டது. பெற்றோர்கள் ஒன்று சேர்ந்தார்கள். அந்த முழக்கமே ஒரு சங்கத்தின் பெயராக மாறியது.

மார்த்தியே வான் புட்டன் என்ற இளம் தாய், சங்கத்தின் முதல் தலைவி ஆனார். பிற்காலத்தில் அவர் ஐரோப்பியப் பாராளுமன்றத்தின் உறுப்பினராகவும் விளங்கினார்.

நடுத்தெருவில் விருந்து!

இந்தச் சங்கத்தார் கல் எறியவில்லை. கண்ணாடியை உடைக்கவில்லை. அவர்கள் செய்தது வேறு.

விபத்து அதிகமாக நடக்கும் இடங்களுக்குக் கூட்டமாகப் போய் மறியல் செய்தார்கள். சில நாட்களில் தெருவை அடைத்து, குழந்தைகளை விளையாட விட்டார்கள். நடுத்தெருவில் மேஜை நாற்காலிகளைப் போட்டு, அக்கம்பக்கத்தாரோடு உட்கார்ந்து விருந்து சாப்பிட்டார்கள்!

பிரதம மந்திரி டென் ஊயில் வீட்டுக்குச் சைக்கிள்களில் பாட்டுப் பாடிக்கொண்டே போனார்கள். "குழந்தைகளுக்குப் பயம் இல்லாத தெரு வேண்டும்" என்று கேட்டார்கள். பிரதம மந்திரி வெளியே வந்து, அவர்கள் சொன்னதைக் கேட்டார்.

குழந்தைகளும் சும்மா இருக்கவில்லை. ஆம்ஸ்டர்டாம் நகரில் "டி பைப்" என்று ஒரு பகுதி. வீடுகள் நெருக்கமானவை. விளையாட இடம் கிடையாது. அந்தப் பகுதிப் பள்ளிப் பிள்ளைகள், "எங்கள் தெருவில் கார் வரக்கூடாது" என்று கிளம்பினார்கள். வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார்கள். தாங்களே தெருவை அடைத்தார்கள். கார்காரர்கள் கோபத்தோடு சண்டைக்கு வந்தார்கள்! 1972-ம் ஆண்டு இது டெலிவிஷனில் படமாக வந்தது. நாடே பார்த்தது.

பெட்ரோல் பஞ்சம்

1973-ம் ஆண்டு அக்டோபரில் மேற்கு ஆசியாவில் போர் மூண்டது. அரபு நாடுகள் ஆலந்துக்கு எண்ணெய் தர மறுத்துவிட்டன.

பெட்ரோலை மிச்சம் பிடிக்க, அரசாங்கம் ஓர் உத்தரவு போட்டது. "ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக்கூடாது!" 1973 நவம்பர் 4-ந் தேதி முதல், 1974 ஜனவரி தொடக்கம் வரை இந்த உத்தரவு அமுலில் இருந்தது.

பெரிய ரோடுகள் வெறிச்சோடின. மக்கள் சைக்கிளில் கிளம்பினார்கள். குழந்தைகள் மோட்டார் ரோட்டின் நடுவிலேயே சக்கர ஸ்கேட்டுகளில் விளையாடினார்கள்.

கார் இல்லாத ஊர் எப்படி இருக்கும் என்பதை மக்கள் கண்ணால் பார்த்துவிட்டார்கள். "இது முடியாத காரியம்" என்று இனி யாரும் சொல்ல முடியவில்லை.

"அசல்" சங்கம்

1975-ம் ஆண்டு புதிய சைக்கிள் சங்கம் ஒன்று பிறந்தது. அதன் பெயரில்தான் வேடிக்கை!

ஆலந்தில் 1883-ம் ஆண்டிலேயே ஒரு சைக்கிள் சங்கம் இருந்தது. நாளடைவில் அதன் உறுப்பினர்கள் கார் வாங்கினார்கள். சங்கமும் கார்காரர்களின் சங்கமாக மாறிவிட்டது. பெயரில் மட்டும் "சைக்கிள்காரர்" என்ற சொல் ஒட்டிக்கொண்டிருந்தது.

இதைப் பார்த்த இளைஞர்கள், தங்கள் புதிய சங்கத்துக்கு "அசல் சைக்கிள்காரர் சங்கம்" என்று பெயர் வைத்தார்கள்! பழைய சங்கத்தாருக்குக் கோபம் வந்துவிட்டது. வழக்கு மன்றம் வரை போனார்கள். புதிய சங்கம் பெயரைச் சிறிது மாற்றவேண்டியதாயிற்று. ஆனால் அந்த வழக்கே அதற்கு நல்ல விளம்பரமாக அமைந்தது.

இன்று அதன் பெயர் "பீட்சர்ஸ்போன்ட்". ஊர் ஊராக அதற்குக் கிளைகள் உண்டு.

இரவில் பாதை போட்டார்கள்

சங்கத்தார் ஆயிரக்கணக்கில் திரண்டு, சைக்கிள் ஊர்வலம் நடத்தினார்கள். ஆம்ஸ்டர்டாம் நகரில் 1970-ம் ஆண்டுகளின் பிற்பகுதியில் நடந்த ஊர்வலங்கள் பெயர்பெற்றவை. கைக்குழந்தையை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு, தாய்மார்கள் வந்தார்கள். வயதானவர்களும் வந்தார்கள்.

ஆபத்தான தெருக்களில் அரசாங்கம் சைக்கிள் பாதை போடாவிட்டால், சங்கத்தார் தாங்களே பெயிண்டும் தூரிகையும் எடுத்துப்போய்க் கோடு போட்டார்கள்! போலீசார் பிடித்துக்கொண்டு போவார்கள். மறுநாள் பத்திரிகையில் செய்தி வரும். நகரசபை யோசிக்கத் தொடங்கும்.

பிடிவாதம் மட்டும் இருந்தால் போதாது. கணக்கும் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். எந்த முனையில் ஆபத்து? எந்தப் பாலத்தில் இடம் இல்லை? பாதை எங்கே அறுந்துபோகிறது? இதையெல்லாம் சைக்கிளிலேயே சுற்றிப் பார்த்து, எழுதி, நகரசபையிடம் கொடுத்தார்கள். கூச்சல் போட்டவர்களே யோசனையும் சொன்னதால், அதிகாரிகள் காது கொடுத்தார்கள்.

அரசாங்கம் திரும்பியது

1970-ம் ஆண்டுகளின் நடுவில், ஹேக், தில்பர்க் ஆகிய இரு நகரங்களில் அரசாங்கப் பணத்தில் மாதிரி சைக்கிள் பாதைகள் போடப்பட்டன. ஹேக் நகரக் கடைக்காரர்கள், "கார் வராவிட்டால் வியாபாரம் படுத்துவிடும்" என்று எதிர்த்தார்கள். ஆனால், பாதை போட்ட இடங்களில் சைக்கிளில் போகிறவர்கள் பெருகினார்கள்.

இதில் ஒரு பாடமும் கிடைத்தது. ஒரே ஒரு நல்ல பாதை போட்டால் மட்டும் போதாது. வீட்டு வாசலில் இருந்து பள்ளிக்கூடம் வரை, கடை வரை, ரெயில் நிலையம் வரை பாதை அறுபடாமல் இருக்கவேண்டும். 1980-ம் ஆண்டுகளில் டெல்ப்ட் நகரம், ஊர் முழுவதும் வலை பின்னியதுபோல் சைக்கிள் பாதை போட்டது.

வீடுகள் நிறைந்த தெருக்களுக்கு 1976-ம் ஆண்டு புதிய சட்டம் வந்தது. அப்படி அறிவிக்கப்பட்ட தெருவில் நடப்பவருக்கும், விளையாடும் குழந்தைக்கும்தான் முதல் இடம். கார் நடை வேகத்தில் போகவேண்டும்.

கார் மோதி 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் காயம் ஏற்பட்டால், "குழந்தைதான் குறுக்கே வந்தது" என்று கார்காரர் தட்டிக்கழிக்க முடியாது. அனேகமாக எல்லா வழக்கிலும் முழு நஷ்டஈடு கொடுத்தே தீரவேண்டும்.

பலன் என்ன?

1971-ம் ஆண்டில் 400-க்கு மேல் இருந்த குழந்தைகளின் சாவு, 2010-ம் ஆண்டில் 14 ஆகக் குறைந்துவிட்டது!

இன்று நாடெங்கும் சுமார் 35 ஆயிரம் கிலோ மீட்டர் நீளத்துக்குச் சைக்கிள் பாதை இருக்கிறது. மக்கள் செய்யும் பயணங்களில் கால் பங்குக்கு மேல் சைக்கிளில்தான்.

யூட்ரெக்ட் நகர ரெயில் நிலையத்தின் அடியில், 12 ஆயிரத்து 500 சைக்கிள்களை நிறுத்தும் கூடம் இருக்கிறது. 2019-ம் ஆண்டு அது முழுமையாகத் திறக்கப்பட்டது.

சங்கத்தின் தொண்டர்கள், நாட்டின் சைக்கிள் பாதைகளைத் தாங்களே ஓட்டிப் பார்த்து, வழிகாட்டும் படம் தயாரித்திருக்கிறார்கள். சிறந்த சைக்கிள் நகரத்தையும் சங்கம் தேர்ந்தெடுக்கிறது. 2018-ம் ஆண்டு ஹவுட்டன் நகரமும், 2020-ம் ஆண்டு வீனெண்டால் நகரமும் இந்தப் பெருமையைப் பெற்றன.

புதிய ஆபத்து

ஆனால், கதை இதோடு முடிந்துவிடவில்லை.

2022-ம் ஆண்டில் ஆலந்தில் 291 சைக்கிள்காரர்கள் விபத்தில் இறந்தார்கள். 2024-ம் ஆண்டில் இறந்தவர்கள் 246 பேர். அந்த ஆண்டு ரோடு விபத்தில் இறந்த 675 பேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சைக்கிள்காரர்கள்தான்!

முன்பு குழந்தைகள் இறந்தார்கள். இப்போது இறப்பவர்களில் பலர் முதியவர்கள்.

மின்சார சைக்கிள் வந்துவிட்டது. முன்பு வீட்டில் முடங்கிக் கிடந்த முதியவர்கள், இப்போது வேகமாகப் போகிறார்கள். அது நல்லதுதான். ஆனால் விழுந்தால் எலும்பு தாங்குவதில்லை.

இன்னொரு பக்கம், தடித்த டயர் போட்ட மின்சார சைக்கிள்களில் பிள்ளைகள் பறக்கிறார்கள். சட்டப்படி மோட்டார் 25 கிலோ மீட்டர் வேகம் வரைதான் உதவவேண்டும். சிலர் அதை மாற்றிவிட்டு, அதற்கு மேலும் ஓட்டுகிறார்கள். இந்த வண்டிகளுக்குத் தலைக்கவசமும், வயது வரம்பும் வேண்டும் என்று 2024-ம் ஆண்டு பாராளுமன்றம் கேட்டுக்கொண்டது.

சைக்கிள் சங்கமோ, "எல்லோருக்கும் தலைக்கவசம் கட்டாயம்" என்பதை ஏற்கவில்லை. "தலைக்கவசம் அணிவது நல்லது. ஆனால் கட்டாயப்படுத்தினால், பலர் சைக்கிளை விட்டு இறங்கிவிடுவார்கள்" என்பது சங்கத்தின் வாதம். காயம்பட்டவர்களைப் பார்க்கும் டாக்டர்கள் பலர், தலைக்கவசம் வேண்டும் என்கிறார்கள். இரு பக்கமும் நியாயம் இருக்கிறது.

பாதையில் இடமும் போதவில்லை. மெதுவாகப் போகும் பாட்டியும், வேகமாகப் போகும் பையனும் ஒரே பாதையில் போகவேண்டியிருக்கிறது. முன்பு கார் சைக்கிளை நெருக்கியது. இப்போது சைக்கிளே சைக்கிளை நெருக்குகிறது!

50 ஆண்டுகளுக்கு முன்பு அந்தத் தாய்மார்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "தெரு யாருக்குச் சொந்தம்? வேகமாகப் போகிறவருக்கா, மெதுவாகப் போகிறவருக்கா?"

அன்று மெதுவாகப் போகிறவர்களின் பக்கம் நாடு நின்றது. குழந்தைகள் பிழைத்தார்கள். அப்படிப் பிழைத்த குழந்தைகள்தான் இன்று 50 வயதைத் தாண்டி நிற்கிறார்கள். இனி அவர்களுடைய முதுமையைக் காப்பாற்றவேண்டிய பொறுப்பு, அதே சைக்கிள் பாதைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.