சீசன் கூட்டமும் ஊர்க் கணக்கும்



குற்றாலத்தில் சாரல் விழுந்தால் தென்காசி வரை வியாபாரம் சூடு பிடிக்கும். ஆனால் 2011 கணக்கெடுப்பின்படி குற்றாலம் பேரூராட்சியில் குடியிருப்போர் மூவாயிரம் பேர்கூட இல்லை. 2024 மே 17-ல் பழைய அருவி வெள்ளத்தில் ஒரு சிறுவன் பலியாக, குளிக்கத் தடை வந்தது. சீசன் வருமானம் அவ்வளவு நிலையற்றது. ஆண்டு முழுவதும் நம்மைத் தாங்குவது சுற்றுக் கிராமங்களே.

அக்கிராமங்களில் குடும்பம் சுருங்கி வருகிறது. தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைதான் என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு. பிள்ளைகள் சென்னை, கோவை, வளைகுடா என்று போய்விட, பல வீடுகளில் பெரியவர்கள் இருவரே மிச்சம். பீடிக் கூலி வாரா வாரம் வரும். மகன் அனுப்பும் பணம் மாதம் ஒருமுறை வரும். இவர்களுக்கு மூட்டை அரிசி எதற்கு? கால் கிலோ பருப்பே போதும்.

இதில் நமக்கு ஒரு சாதகம் உண்டு. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை லேபிள் ஒட்டி விற்கும் அரிசி, பருப்புக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டது. அதற்கு மேற்பட்ட மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக நிறுத்துக் கொடுத்தால் வரி இல்லை. பெரிய கடையின் பாக்கெட்டுக்கு நம் தராசே பதில்.

எனவே மொத்த வியாபாரிகளாகிய நாம், சிறு கடைக்காரர் தலையில் சரக்கைக் கட்டக் கூடாது. கேட்ட அளவில், வாரத் தவணைக்குக் கொடுப்போம். மளிகைக் கடைக்காரர்கள் தம் தெருவில் எத்தனை வீடு, எத்தனை பேர், கூலி எந்தக் கிழமை என்று குறித்து வைக்க வேண்டும். 2021-ல் நடக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027-க்குத் தள்ளிப் போயிற்று. நம் பற்று நோட்டு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.