தலைப்பை எங்களிடமே விட்டுவிடுங்கள்

"டீச்சர், மகளுக்கு நல்லதொரு தலைப்பு எடுத்துத் தாங்களேன், பரிசு கிடைக்கிற மாதிரி." கணித ஆய்வுச் செயற்றிட்டம் பற்றி வகுப்பில் அறிவித்த மறுநாளே என் உம்மா டீச்சருக்குத் தொலைபேசி எடுத்துவிட்டார். பக்கத்தில் நின்ற எனக்கு வெட்கமாக இருந்தது. என்றாலும் நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

டீச்சர் தலைப்புத் தரவில்லை. நானே இணையத்தில் தேடி, 'இயற்கையில் பொன் விகிதம்' என்று எழுதிக்கொண்டு போனேன். சூரியகாந்திப் பூவின் படமும் ஒட்டியிருந்தேன். "இதில் உனது கேள்வி என்ன?" என்று கேட்டார். பதில் இல்லை. எங்கள் வகுப்பில் அப்படிப் போனவர்கள் நான் மட்டுமல்ல. பை, பாஸ்கலின் முக்கோணம் என்று எல்லோரிடமும் அழகான பெயர்கள் இருந்தன. கேள்வி எவரிடமும் இருக்கவில்லை.

அந்த நாட்களில்தான் சாச்சி மௌத்தானார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. உம்மம்மாவும் அப்பாவும் முன்னரே காலமாகிவிட்டார்கள். ஆண் சகோதரர்களும் இல்லை. சாச்சாவும், உடன்பிறந்த சகோதரிகளான உம்மாவும் பெரியம்மாவுமே வாரிசுகள். பாகம் பிரிக்க வந்த ஆலிம் ஒரு தாளில் கணவனுக்கு 1/2, இரு சகோதரிகளுக்கும் சேர்த்து 2/3 என்று எழுதினார். தேநீர் கொண்டுபோன நான் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். 7/6! ஒரு முழுமையை விடக் கூடுதல். இருக்கிற சொத்தை விட அதிகமாக எப்படிக் கொடுப்பது?

ஆலிம் சிரித்தார். ஆறு பங்கை ஏழாக்க வேண்டும். சாச்சாவுக்கு 3, சகோதரிகளுக்கு 4. இதற்கு 'அவ்ல்' என்று பெயர், உமர் (ரழி) அவர்களின் காலத்திலேயே இப்படிச் செய்யப்பட்டது என்றார். கணக்கிட்டுப் பார்த்தேன். சாச்சாவின் 1/2 பங்கு 3/7 ஆகிறது. உம்மாவின் 1/3 பங்கு 2/7 ஆகிறது. ஒவ்வொருவரும் தத்தம் பங்கில் ஏழில் ஒன்றைத்தான் இழக்கிறார்கள். ஒருவர் மட்டும் நட்டப்படவில்லை.

போகும்போது இன்னொன்றும் சொன்னார். பெரும்பாலான இமாம்களின் கருத்துப்படி 6 ஆனது 7, 8, 9, 10 ஆகலாம். 12 ஆனது 13, 15, 17 ஆகலாம். 24 ஆனது 27 மட்டுமே ஆகலாம்.

12 ஏன் 14 ஆகாது? அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எனது கேள்வி கிடைத்துவிட்டது.

இதற்குப் பெரிய கணிதம் தேவைப்படவில்லை. குர்ஆனில் குறிப்பிடப்பட்ட பங்குகள் 1/2, 1/4, 1/8, 2/3, 1/3, 1/6 என்ற ஆறு பின்னங்கள்தான். சிறிய வகுப்பு மாணவிக்கும் பொது மடங்குகளுட் சிறியதைக் காணத் தெரியும். ஆனால் யார் இருந்தால் யாருக்குப் பங்கு மாறும் என்பதை விளங்கி அட்டவணை போட எனக்கு மூன்று வாரங்கள் சென்றன. இரண்டு முறை பிழைவிட்டு முழுவதையும் கிழித்தேன்.

என் கருத்து இதுதான்: பெற்றோர் தேடித் தரும் தலைப்புக்காக எந்தப் பிள்ளையும் மூன்று வாரம் விழித்திருக்க மாட்டாள். பணம் கொடுத்துச் செயற்றிட்டத்தையே எழுதுவிப்பவர்களும் இருக்கிறார்கள். அதில் பரிசு கிடைத்தால், அது யாருடையது? கண்காட்சியில் நடுவர் ஒரு கேள்வி கேட்டதும் அந்தப் பிள்ளை தலை குனிந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். பாவம், பிழை அவளுடையது மட்டுமல்ல. பெற்றோர் உதவக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தலைப்பை விட்டுவிட்டு, பிள்ளை சொல்வதைக் கேட்க அரை மணித்தியாலம் தாருங்கள்.

ஒருநாள் சமையலறையில் உம்மாவிடம் விளங்கப்படுத்தினேன். பங்குகளை 12 ஆகப் பிரிக்க வேண்டி வருவது, 1/4 பெறும் கணவனோ மனைவியோ இருக்கும்போதுதான். அந்தப் பங்கு 3. மற்றவர்களுக்கு வரக்கூடியவை 2, 4, 6, 8. எல்லாமே இரட்டை எண்கள். மூன்றோடு எத்தனை இரட்டை எண்களைக் கூட்டினாலும் ஒற்றை எண்தான் வரும். ஆகவே 14 வரவே வராது.

உம்மா சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தியவர். வெங்காயம் வெட்டிய கையை நிறுத்திவிட்டு விரல்களில் எண்ணினார்.

"அப்ப, பதினாறும் வராதுதானே?" என்றார்.