ஏரியில் விட்ட மீன்

நமது கழிமுகங்களில் பிடிபடும் கொடுவா மீனை அங்கத்தினர்களில் பலர் அறிவர். அதன் நெருங்கிய இனமொன்று ஆப்பிரிக்காவின் நைல் நதியில் வாழ்கிறது. ஆறடி நீளமும் 200 கிலோ எடையும் எட்டக்கூடிய பெரு மீன் அது. புராதன எகிப்தியர் அதனைப் புனிதமாகப் போற்றி, எஸ்னா நகரில் அதன் உடலைப் பதனிட்டு அடக்கம் செய்தனர். கிரேக்கர் அவ்வூரை அம்மீனின் பெயராலேயே அழைத்தனர்.

நைல் புறப்படும் விக்டோரியா ஏரியில் இம்மீன் இருந்ததில்லை. இடையிலுள்ள மர்ச்சிசன் நீர்வீழ்ச்சி அதனைத் தடுத்து நின்றது. 1950களில் பிரிட்டிஷ் ஆட்சியின்போது மனிதர் கையாலேயே அது ஏரியில் சேர்ந்தது. மலிவான சிறு மீன்களைத் தின்று விலையுள்ள பெரு மீன் வளரட்டும் என்பது அதனை விரும்பியோரின் வாதம். வேண்டாமென்று எச்சரித்த விஞ்ஞானிகளும் அன்றே இருந்தனர். 1980களில் அது பெருகியபோது, உலகில் வேறெங்குமில்லாத சிறு மீன் வகைகளில் ஏறத்தாழ 200 மறைந்துபோயின. ஏரி நீர் மாசுற்றதும் அதற்கொரு காரணமே. பழியனைத்தையும் மீன்மீது சுமத்துவது நியாயமாகாது.

இம்மீனால் அந்நாடுகளுக்கு அந்நியச் செலாவணியும் பலருக்கு வேலையும் கிட்டியது உண்மை. ஆனால் லாபம் எவரிடம் தங்கியது? சிறு மீனை வெயிலில் உலர்த்தி விற்றுப் பிழைத்தவர்கள் கரையோரப் பெண்கள். கொழுப்பு மிகுந்த இப்பெரு மீன் வெயிலில் உலராது; புகையிட வேண்டும், அதற்கு மரம் வெட்ட வேண்டும். பனிக்கட்டியும் லாரியும் ஆலையும் உடையவரே விலையை நிர்ணயித்தனர். சதை விமானமேறி ஐரோப்பா சென்றது. தலையும் முள்ளுமே உள்ளூர்ச் சந்தைக்கு மிஞ்சின. கென்யாவில் அதனை 'வெற்று முதுகு' என்று பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். எத்தனை கசப்பான பெயர்!

1999இல், நஞ்சிட்டு மீன் பிடிப்பதாக எழுந்த புகாரினால் ஐரோப்பிய நாடுகள் இறக்குமதியைத் தடை செய்தன. முதலில் அடிபட்டவர் படகில் செல்லும் கூலிகளே. ஏரி எல்லோருக்கும் பொதுவாயிருக்க, அதில் எதை விடுவதென்று கரையோரத்தாரை எவரும் கலந்துகொள்ளவில்லை என்பதே எனது குறை. மீனவர், வியாபாரிகள், படகுக்காரர் ஆகியோர் சேர்ந்த கரை நிர்வாகக் குழுக்கள் அங்கே பரவலாக அமைந்தது 2000த்துக்குப் பின்னரே. மீன் வந்து அப்போது ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழிந்திருந்தது.