உவர் தண்ணீரில் அத்திவாரமா?



நம் தீவில் எழும்பும் புதிய அலுவலகத்தின் அத்திவாரத்துக்கு முந்தநாள் கொங்கிறீட் போட்டார்கள். தண்ணீர் எடுத்தது பக்கத்துக் கிணற்றில். மாடுகூட முகர்ந்துவிட்டு விலகிப்போகும் உவர் கிணறு அது. கேட்டால், "உங்களுக்கு அபிவிருத்தி பிடிக்காதோ?" என்கிறார்கள்.

பிடிக்கும். ஒரு கையெழுத்துக்காகக் குறிகட்டுவானுக்குப் படகேறி, அங்கிருந்து பஸ்ஸில் வேலணைக்கு அலையும் சனம் நாங்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் சமூகத்துக்கு, மீளக்குடியேற ஒவ்வொரு காகிதத்துக்கும் எத்தனை படி ஏறினோம் என்பதும் மறக்கவில்லை. அலுவலகம் வேண்டும் என்பதால்தான் அது நிற்க வேண்டும் என்கிறோம்.

கிணற்றுத் தண்ணீரைப் பாடசாலை ஆய்வுகூடத்தில் சோதித்தோம். வெள்ளி நைத்திரேற்று சில துளி விட்டதும் பால்போல வீழ்படிவு திரண்டது. குடிதண்ணீரில் இலேசான கலங்கல் மட்டும்தான். அந்தப் பால்தான் குளோரைட்டு. சீமெந்தின் காரத்தன்மை கம்பியைச் சுற்றி ஒரு காப்புப் படலம் போட்டு வைக்கும்; குளோரைட்டு அதை உடைத்துவிடும். துரு, இரும்பைவிடக் கூடுதல் இடம் பிடிக்கும். கம்பி உள்ளே ஊத, கொங்கிறீட் வெடிக்கும். தூணில் என்றால் கண்ணுக்குத் தெரியும். அத்திவாரத்தில் மண் மூடிக்கிடக்கும்.

"ஊர்காவற்றுறைக் கடற்கோட்டை உப்புக்குள்ளேயே நிற்கிறதே" என்று ஒருவர் பெரிய நியாயம் சொன்னார். ஐயா, போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கொங்கிறீட்டுக்குள் முறுக்குக் கம்பி வைத்துக் கட்டவில்லை. நெடுந்தீவுக் கோட்டையும் பவளக்கல்லும் சுண்ணாம்பும்தான். துருப்பிடிக்க அதில் என்ன இருக்கிறது?

அடுத்த சாட்டு செலவு. நன்னீரைப் படகில் கொண்டுவரக் கட்டாதாம். சீமெந்தும் கம்பியும் சல்லியும் படகில்தானே வந்தன? தண்ணீருக்கு மட்டும் கடல் அகலமாகிவிட்டதா? கொங்கிறீட்டை குறைந்தது 7 நாளாவது நனைத்து வைக்க வேண்டும். அதற்கும் இதே கிணற்று வாளிதான். மதிப்பீட்டில் தண்ணீருக்கு என்ன விலை போட்டிருக்கிறது என்று காட்டச் சொன்னோம். அது "உள்விடயமாம்". பொதுப்பணத்தில் என்ன உள்விடயம்?

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் எழுதிவிட்டோம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லியாக வேண்டும். அதுவரை தூணுக்குக் கொங்கிறீட் போடக்கூடாது. போட்ட அத்திவாரத்தில் மாதிரி எடுத்துக் குளோரைட்டு அளவைப் பார்க்க வேண்டும். கையெழுத்து வைக்க விரும்புவோர் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வாருங்கள். கோயிலடி, விகாரையடி உறவுகளுக்கும் சொல்லிவிடுங்கள். பின்னேரம் இறங்குதுறையில் இருப்போம்.