தீமைக்கு நடுவே இறைவனின் பிள்ளைகள்

கடவுள் இருக்கையில் தீமை ஏன் நிலைத்திருக்கிறது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அவர்களுக்கு நான் சிபில் கார்த்திகேசுவைப் பற்றிக் கூறுவேன்.

ஜப்பானியர் ஆட்சியில், பேராக் மாநிலத்தின் பாப்பான் சிற்றூரில், கத்தோலிக்கரான இத்தாதி காயமுற்ற எதிர்ப்புப் போராளிகளுக்கு இரகசியமாக மருத்துவம் செய்தார். 1943-இல் கைதாகி, கொடிய வதைகளுக்கு ஆளானார். அவருடைய சின்னஞ்சிறு மகளை மரத்தில் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டி மிரட்டியபோதும் அவர் எவரையும் காட்டிக்கொடுக்கவில்லை. வதைகளின் விளைவாகவே 1948-இல் மறைந்தார்.

தீமை அவரைத் தீண்டியது. ஆனால், தன்னைப்போல் மாற்ற இயலவில்லை. இறைவனின் பிள்ளையாக வாழ்வது என்பது இதுவே.

ஆசிரியர்களே, பெற்றோர்களே! 'நல்லவனாக இரு, துன்பம் வராது' என்று போதித்தால், முதல் துன்பத்திலேயே பிள்ளையின் நம்பிக்கை உடைந்துவிடும். 'துன்பம் வந்தாலும் நல்லவனாகவே இரு' என்று கற்பிப்போம்.