வெக்கையும் கவசமும்

சென்ற மாதம் நம் மாணவர் ஒருவர் இரு வாரங்கள் வகுப்புக்கு வரவில்லை. திரும்பி வந்தபோது வலக்கையிலும் முழங்காலிலும் கட்டுப் போட்டிருந்தார். பெல்மதுளைக்கும் இரத்தினபுரிக்கும் இடையே, மழை நனைத்த வீதியில், அவர் ஏறிச்சென்ற மோட்டார் சைக்கிள் சறுக்கிற்றாம். வேகம் பெரிதன்று. எலும்பு முறியவில்லை, தலைக்கவசம் இருந்தபடியால் தலையும் தப்பிற்று. ஆயினும், அரைக்கைச் சட்டையும் இறப்பர்ச் செருப்புமாகச் சென்றவருக்கு உள்ளங்கைத் தோலும் முழங்கைத் தோலும் வீதியோடு போயின.

“கையை மூடும் சட்டை ஒன்று போட்டிருக்கலாகாதா, தம்பி?” என்று கேட்டோம்.

“இந்த வெக்கையில எப்படி சேர் போடுறது?” என்றார்.

நேயர்களே, இவ்விடையை நாம் எளிதில் தள்ளிவிடல் ஆகாது. சப்ரகமுவத் தோட்டங்களில் வாழ்வோர்க்கு இங்குள்ள வெப்பத்தின் இயல்பு தெரியும். இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. நண்பகலில் வெப்பம் 30 பாகையைத் தாண்டுவது வழக்கம். காற்றில் ஈரம் நீங்குவதேயில்லை. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது உடலிலிருந்து ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். ஆனால் ஈரக் காற்றில் வியர்வை விரைந்து ஆவியாவதில்லை, வழிந்து ஓடுகிறது. குளிர்நாட்டுக்காரருக்கென்று தைத்த தடித்த மேலங்கியை இங்கே மாட்டிக்கொண்டால் அது துன்பம் மாத்திரமன்று, ஆபத்தும் ஆகும். வெப்பத்தால் களைத்தவனுக்குக் கவனம் மழுங்குமன்றோ!

அப்படியாயின் உடலைத் திறந்து விடுவதுதான் வழியோ? நம் மலையில் கொழுந்து பறிக்கும் பெண்களைப் பார்த்தால் விடை கிடைக்கும். இடுப்பில் தடித்த படங்கைச் சுற்றி, முழுக்கைச் சட்டையணிந்து, தலையிலும் துணியிட்டுக்கொண்டே அவர்கள் நிரையில் நிற்கிறார்கள். வெக்கை அவர்களுக்கு உறைக்காமல் இல்லை. செடி கீறும் இடத்தை மூடவேண்டும், காற்று புகும் இடத்தை விடவேண்டும் என்பதைத் தலைமுறைகளாக அறிந்திருக்கிறார்கள். மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரும் இந்த அறிவைக் கொண்டே தம் உடையைத் தெரிதல் வேண்டும்.

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகம் என்றால் விநாடிக்கு ஏறத்தாழ 14 மீற்றர். அவ்வேகத்தில் விழுந்தவர் தாரில் சில மீற்றர் இழுபடாமல் நிற்பதில்லை. மெல்லிய பருத்திச் சட்டை அந்த உராய்வில் கண்மூடித் திறப்பதற்குள் கிழிந்துவிடும். சாதாரண ஜீன்ஸ் துணியும் நம்பத்தக்கதன்று.

இதற்கென்றே இக்காலத்தில் வலைத்துணி மேற்சட்டைகள் வருகின்றன. மார்பிலும் முதுகிலும் வலிய நூலால் ஆன வலை. விழும்போது நிலத்தில் மோதும் தோளிலும் முழங்கையிலும் நெருக்கமாக நெய்த துணி, அதனுள் அதிர்ச்சி தாங்கும் மெத்தை. வண்டி ஓடும்போது காற்று உள்ளே புகுந்து வெளியேறும். நம் பகுதிக் காற்று பெரும்பாலும் தோலின் வெப்பத்தைவிடக் குறைந்ததேயாதலின், அது உடலைக் குளிர்விக்கிறது. பாலைநிலத்தில் 40 பாகைக்கு மேற்பட்ட காற்று உடலைச் சுடும். அங்கே நீரில் நனைத்த உள்ளாடை அணிந்து, மேலே மூடிக்கொள்கிறார்கள். அதைப் பார்த்து நாமும் நனைத்த ஆடை அணிந்தால் ஈரத்தோடு ஈரம் சேருமேயன்றிப் பயன் சிறிது.

வலைத்துணி தோலாடையைப் போல் நெடுநேரம் உராய்வைத் தாங்காது என்பதும் உண்மையே. ஆயினும், அலுமாரியில் பூஞ்சணம் பூத்துக் கிடக்கும் தோலங்கியைவிட உடம்பில் இருக்கும் வலைச்சட்டை மேல். (இரத்தினபுரியில் தோற்பொருளைப் பேணிப் பார்த்தவர்க்கு நாம் சொல்வது விளங்கும்.)

வாங்கும்போது விலையைக் கண்டு மயங்கலாகாது. அவுஸ்திரேலியாவில் விபத்துக்குள்ளான 212 ஓட்டுநரை ஆராய்ந்து 2011 இல் வெளியிட்ட அறிக்கை, காப்புடை அணிந்தவர்கள் மருத்துவமனையில் அனுமதிக்கப்படுவது குறைவு என்று கண்டது. அதே அறிக்கை, அவர்கள் அணிந்திருந்த கையுறை, மேற்சட்டை, காற்சட்டை ஒவ்வொன்றிலும் நான்கில் ஒரு பங்குக்கு மேல் விபத்தில் பழுதுற்றுப் பயன் தராமற் போயின என்றும் கூறிற்று. பின்னர், 2018 முதல், அந்நாட்டிலும் நியூசிலாந்திலும் ‘மோட்டோகேப்’ என்னும் திட்டம் இவ்வுடைகளைச் சோதித்து, காப்புக்கு ஒரு மதிப்பும் வெக்கையில் அணியத்தகும் தன்மைக்கு வேறொரு மதிப்பும் தனித்தனியே வழங்கிவருகிறது. ஐரோப்பிய முத்திரையுள்ள உடையில் ஏஏஏ, ஏஏ, ஏ என்ற தரவரிசை இருக்கும். மும்மடி ‘ஏ’ மிக வலிது, ஆனால் பெரும்பாலும் கனமும் மிகுதி. முத்திரை இல்லாத சட்டையாயின், தையல் இரட்டையாக உள்ளதா, முழங்கை மெத்தை கையை அசைக்கும்போது இடம் பெயர்கிறதா என்றாவது பாருங்கள்.

எல்லாவற்றையும் ஒருசேர வாங்க எல்லோராலும் இயலாது. தலைக்கவசத்தை அடுத்து முதலில் வேண்டுவது எது என்று கேட்டால், கையுறை என்போம். விழுபவன் கையைத்தான் முன்னே ஊன்றுவான். நாட்சம்பளத்தில் கொழுந்து பறிப்பவருக்கும் பால் வெட்டுபவருக்கும் உள்ளங்கையே மூலதனம். அது புண்பட்டால் அன்றைய பேர் இல்லை, மறுநாளும் இல்லை. மேற்சட்டையின் விலையை நினைத்துத் தயங்கும் குடும்பத்தார் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்தல் நன்று.

அடுத்தது கணுக்கால் மூடும் சப்பாத்து. அது அட்டைக்கடிக்கும் ஒருவாறு உதவும் என்பது நம் ஊருக்கு மட்டும் உரிய இலாபம். பின்னால் அமர்ந்து செல்லும் தாய்மாரும் தங்கைமாரும் சேலைத் தலைப்பைச் சக்கரத்துக்கும் சங்கிலிக்கும் எட்டாமல் இறுகச் செருகிக்கொள்ள வேண்டும். சூடேறிய புகைக்குழாய் காலைச் சுடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிற்பகல் மழைக்கென மழையங்கி ஒன்றை மடித்து வைத்திருப்பது அவசியம். வலைச்சட்டை மழையைத் தடுக்காது. அம்மழையங்கி கறுப்பாக இல்லாமல் மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ இருந்தால், றக்குவானைப் பக்கத்து மூடுபனியில் எதிரே வரும் லொறிக்காரர் கண்ணுக்குப் படும்.

தலைக்கவசத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சட்டமே அதை வற்புறுத்துகிறது. அரேபிய லாரன்ஸ் எனப் புகழ்பெற்றவர் 1935 இல் தலைக்கவசமின்றி மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து இறந்தார். அவருக்குச் சிகிச்சையளித்த மருத்துவருள் ஒருவரான ஹியூ கேன்ஸ் அதன்பின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941 இல் வெளியிட்ட கட்டுரையே, இதன் தேவையை உலகுக்கு உணர்த்தியவற்றுள் முதன்மையானது. வெக்கைக்குப் பயந்து வாரைப் பூட்டாமல் அணிவோர் பலர். அது விழும்போது தலைக்கு முன்பே கழன்றுவிடும். காற்றுத் துளை உள்ளதை வாங்கி, வாரை இறுகப் பூட்டுவதே வழி.

இன்னுமொன்று. மழைநாளில் நனைந்ததையெல்லாம் விறகடுப்பின் மேலே தொங்கவிடுவது நம் லயங்களில் உள்ள பழக்கம். மேற்சட்டையைத் தூர வைத்துக் காயவிடலாம். தலைக்கவசத்தை அடுப்பின் அருகே கொண்டு போகாதீர்கள். அதன் உள்ளே இருப்பது றெஜிபோம் போன்ற நுரைப்பொருள். சூடு பட்டால் அது சுருங்கிக் கெடும். வெளியே பார்க்கத் தெரியாது.