துருவேறிய மரையும் தவறிய பருவமும்

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையிலுள்ள பிரதேசம் இன்று இந்தியா முழுவதிலும் பெயர்பெற்ற யந்திரத் தொழிற் பிரதேசமாக விளங்குகிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ம் வருஷத்தில் மோட்டார் கார் உற்பத்தி தொடங்கிற்று. ஒரகடத்தில் 2010-ம் வருஷத்தில் கார்த் தொழிற்சாலையும், 2012-ம் வருஷத்தில் லாரித் தொழிற்சாலையும் திறக்கப்பட்டன. இத்தகைய தொழிற்சாலைகளில் ஒவ்வொரு போல்ட்டும் இன்ன விசையுடன்தான் முறுக்கப்படவேண்டுமென்று அளவு வகுத்திருக்கிறார்கள். ஆனால் அவற்றின் மதிலுக்கு அப்பாலுள்ள ஏரிப்பாசன நிலங்களில், ஒரு ரோட்டவேட்டரின் போல்ட் துருவேறி இறுகிவிட்டால், சம்மட்டியும் நீண்ட இரும்புக் குழாயுமே முதலில் எடுக்கப்படுகின்றன. இவ்வழக்கம் மாறவேண்டுவது அவசியம்.

காஞ்சிபுரம் ஜில்லாவில் சொர்ணவாரி அறுவடைக்கும் சம்பா நடவுக்கும் இடையே கிடைக்கும் நாட்கள் சொற்பமே. அந்நாட்களில் தேய்ந்த கத்தியொன்றை மாற்ற முயன்று போல்ட் முறிந்தால், யந்திரம் பட்டறைக்குப் போகும். வயலில் நிறுத்திய தண்ணீர் வீணாகும். நாற்றின் வயது ஏறிவிடும். ஆகவே இது கொல்லன் பட்டறையின் விஷயம் மாத்திரமன்று. சாகுபடி விஷயமும் ஆகும்.

போல்ட் இறுகுவதன் காரணத்தை முதலில் அறிதல் நன்று. சேற்றுழவில் தண்ணீரும் வண்டலும் மரையின் இடுக்குகளில் புகுந்து தங்குகின்றன. இரும்பு துருவாகும்போது அதன் பருமன் பல மடங்கு பெருகுகிறது. போக இடமில்லாத அத்துரு, நட்டையும் போல்ட்டையும் ஆப்புப் போல் நெருக்குகிறது. முரட்டு பலத்தால் இந்நெருக்கம் தீர்வதில்லை. 12 மில்லிமீட்டர் கனமுள்ள 8.8 தரத்துப் போல்ட்டை முறுக்குவதற்கு ஏறக்குறைய 80 நியூட்டன் மீட்டர் விசை போதும். ஸ்பானரில் ஒரு மீட்டர் நீளக் குழாயைச் செருகி, அதன் நுனியில் ஒருவர் 40 கிலோ பாரத்துடன் சாய்ந்தால், 390 நியூட்டன் மீட்டர் விசை உண்டாகிறது. துரு விடுவதற்கு முன் போல்ட்டே முறிவதில் என்ன ஆச்சரியம்?

ஸ்பானர் சரியாகப் பொருந்தாமையும் பெரிய கேடு செய்கிறது. இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் என்பவர் 1841-ம் வருஷத்தில் மரைகளுக்கு ஒரே அளவு வேண்டுமென்று திட்டம் வகுத்தார். எனினும் அங்குல அளவும் மில்லிமீட்டர் அளவும் இன்றும் கலந்தே வழங்குகின்றன. பழைய டிராக்டர்கள் சிலவற்றில் அங்குல அளவுள்ள போல்ட்டுகளே உண்டு. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். அதற்கு 13 மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டால், இளகிய போல்ட் கழன்றுவிடும். இறுகிய போல்ட்டின் முனைகளோ மழுங்கிவிடும். ஆறு முனையும் கவ்வும் பெட்டி ஸ்பானரே இதற்கு ஏற்றது.

செய்யத்தக்க முறை எளிது. வெளியே தெரியும் மரையைக் கம்பி பிரஷினால் தேய்த்துச் சேற்றையும் துருவையும் நீக்கவேண்டும். துருவை இளக்கும் எண்ணெயையோ, அது கிட்டாவிடில் டீசலையோ விட்டு, ஓர் இரவு ஊறவிடவேண்டும். காலையில் தலைமேல் சில தட்டுகள் தட்டி, மறுபடியும் எண்ணெய் விடவேண்டும். முதலில் சிறிது இறுக்கும் பக்கமாகவும், பின்பு கழற்றும் பக்கமாகவும் அசைத்து, கொஞ்சங் கொஞ்சமாகத் திருப்பவேண்டும். சில சுழலும் பாகங்களில் இடதுமரை இருப்பதுண்டு. மரையின் சாய்வைப் பார்த்த பின்னரே பலத்தைப் பிரயோகிக்க வேண்டும்.

இதற்கும் அசையாவிடில் நட்டை மாத்திரம் சூடாக்கலாம். போல்ட்டைக் காட்டிலும் நட்டு 200 டிகிரி அதிகம் சூடேறினால், 20 மில்லிமீட்டர் துவாரம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு விரியும். பிடி விடுவதற்கு அது பெரும்பாலும் போதுமானது. ஆயினும் எண்ணெய் விட்ட இடத்தை நன்கு துடைத்த பிறகே தீ காட்டவேண்டும். டீசல் தொட்டி, ஹைடிராலிக் குழாய் இவற்றின் அருகில் தீ கூடவே கூடாது. டயர் மாட்டிய சக்கரத்தின் நட்டுகளைச் சூடாக்குதல் உயிருக்கே அபாயம். உள்ளே ரப்பர் வெந்து எழும் வாயு டயரை வெடிக்கச் செய்யும். காற்றை இறக்கிவிட்டால் மட்டும் இவ்வபாயம் நீங்காது. தூக்கிய கருவியை ஹைடிராலிக்கை மாத்திரம் நம்பி அதன் கீழே படுத்து வேலை செய்வதும் அத்தகையதே. உறுதியான கட்டைகளை முட்டுக் கொடுப்பது அவசியம்.

இவ்வளவுக்கும் நேரம் ஏது என்று கேட்போர் உண்டு. உழவு நாளில் நேரமில்லை என்பது மெய்யே. அதனாலேயே இவ்வேலை பருவ முடிவில் நடைபெறவேண்டும். கருவியைக் கழுவி உலர்த்திக் கொட்டகையில் விடுமுன், கத்திப் போல்ட்டுகளைக் கழற்றி, மரையில் கிராபைட் கிரீஸ் தடவி மாட்டினால், அடுத்த பருவத்தில் அவை எளிதில் கழலும். சூடாக்கிய போல்ட் பதம் இழந்திருக்கும். அதை எறிந்துவிட்டு, தலையில் அதே தரக் குறியுள்ள புதியதைப் போடவேண்டும். அதிக பாரத்தில் தானே முறிந்து யந்திரத்தைக் காக்கும்படி வைத்த போல்ட்டுக்குப் பதிலாகக் கடினமானதைப் போடுதல் ஆகாது.

நல்ல பெட்டி ஸ்பானர்த் தொகுதியும் முறுக்களவு காட்டும் ஸ்பானரும் ஒவ்வொரு குடும்பமும் வாங்கவேண்டியதில்லை. கிராமக் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு தொகுதி இருந்தால் ஊருக்கே பயன்படும். சுற்றுக் கிராமங்களின் இளைஞர் பலர் இத்தொழிற்சாலைகளில் வேலை பழகியிருக்கிறார்கள். பருவத்திற்கு ஒரு நாள் அவர்களைக் கொண்டு இவ்வேலையைச் செய்து காட்டும்படி ஏற்பாடு செய்வது கிராம அதிகாரிகளுக்குப் பெரிய சிரமமன்று. கோடிக்கணக்கான போல்ட்டுகளை அளவோடு முறுக்கும் பிரதேசத்தில், ஒரு துருவேறிய போல்ட்டுக்காக உழவு நிற்பது தகாது.